வீட்டுப் பக்கத்துலேயே ஒரு சொந்த ஆராய்ச்சி செய்றது எப்படி (தோட்டத்துப் பிள்ளைங்களுக்கும் பெரியவங்களுக்கும்)

பேர் வாங்கின விஞ்ஞானிங்க பலரோட வாழ்க்கையைப் படிச்சா ஒரு விஷயம் அடிக்கடி கண்ணுல படும். ஊரே பேசுன பெரிய வேலை ஒண்ணு இருக்கும், அதோட கூடவே அவங்க மனசுக்குப் பிடிச்சு, யாரும் கேக்காமலேயே வருஷக்கணக்கா விடாம செஞ்ச சின்ன வேலை ஒண்ணும் இருக்கும். டார்வின்னா நமக்கு பரிணாமம்தான் ஞாபகம் வரும், ஆனா அந்த மனுஷன் 1837ல மண்புழுவைப் பத்தி ஒரு கட்டுரை வாசிச்சாரு, அதுக்கப்புறம் 44 வருஷம் கழிச்சு 1881ல மண்புழுவைப் பத்தியே ஒரு முழு புத்தகம் போட்டாரு, மறு வருஷம் இறந்துட்டாரு. ஆந்த்ரே கெய்ம்னு ஒரு இயற்பியலாளர், வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா தன் வழக்கமான வேலையை ஒதுக்கி வச்சிட்டு மனசுல தோணுனதை செஞ்சு பார்ப்பாரு, அப்படித்தான் காந்தத்தால தவளையை அந்தரத்துல மிதக்க விட்டாரு, அந்த மாதிரி சாயங்கால வேலைல ஒண்ணுதான் பென்சில்ல இருக்கிற கிராஃபைட்டை செலோடேப்பால உரிச்சு உரிச்சுப் பார்த்தது, அதுக்கு 2010ல நோபல் பரிசே கிடைச்சது.

நம்ம ஆளு ஒருத்தர் கதையைக் கண்டிப்பா சொல்லணும். சர் சி.வி. ராமன் திருச்சில பிறந்தவர், 1907ல கல்கத்தாவுல அரசாங்க நிதித்துறைல கணக்கு பார்க்கிற வேலைக்குப் போனாரு. பத்து வருஷம் அந்த வேலை. ஆபிஸுக்கு முன்னாடியும் ஆபிஸ் விட்ட பிறகும் பவ்பஜார் தெருவுல இருந்த அறிவியல் கழகத்துக்குப் போய் சொந்தமா ஆராய்ச்சி செஞ்சாரு. சம்பளம் வேற இடத்துல, மனசு வேற இடத்துல. அந்த வழக்கம்தான் அவரை 1930 நோபல் வரைக்கும் கொண்டு போச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்கிற எங்க சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துலயும் (எஸ்டேட்) தாமான்லயும் (வீடமைப்புப் பகுதி) வளர்ற பிள்ளைங்க நிறைய பேர் ஆராய்ச்சின்னா கோலாலம்பூர்ல வெள்ளை கோட்டு போட்டுக்கிட்டு கண்ணாடிக் குழாய் பிடிக்கிறதுன்னு நினைக்குதுங்க, பள்ளியில ப்ரொஜெக்ட் குடுத்தா முதல் நாள் ராத்திரி கூகல்ல இருந்து எடுத்து ஒட்டி மணிலா கார்டுல பூ வரைஞ்சு கொண்டு போகுதுங்க. நம்மள சுத்தி பால் மரம் (ரப்பர்), செம்பனை (பாமாயில் மரம்), ஆறு, கோயில் மேளம், நாள் தவறாம மழைன்னு இவ்வளவு இருக்கு. ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் இருந்தா போதும், உண்மையான ஆராய்ச்சி செய்யலாம். எப்படின்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

முதல்ல கேள்வி. இங்கதான் பாதிப் பேர் விட்டுடறாங்க. "சுற்றுச்சூழல் மாசு" அப்படின்னு ஒரு தலைப்பை எடுத்தா அது கேள்வியே இல்ல, அதை வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. "பள்ளித் திடல்ல மழை பெஞ்ச மறுநாள் மண்புழு எச்சம் எத்தனை மடங்கு கூடுது" இது கேள்வி. உங்க கேள்வி நீங்க தினம் போற வழியில இருக்கணும், தனியா கார் எடுத்துக்கிட்டு போய்ப் பார்க்கிற மாதிரி இருந்தா ரெண்டாவது வாரமே நின்னு போயிடும். எண்ணவோ அளக்கவோ முடியணும். அதை விட முக்கியம், அதோட பதில் உங்களுக்கே தெரியாம இருக்கணும். வெயில்ல வச்சா செடி வளரும், இருட்டுல வச்சா வாடும்னு தெரிஞ்சதையே திரும்ப நிரூபிக்கிறதுல யாருக்கும் ஆசை ஒட்டாது, நாலு நாள்ல கை விட்டுப் போகும்.

இப்ப டார்வின் வழியிலயே ஒண்ணு. அவர் என்ன செஞ்சாருன்னா 1842ல தன் வீட்டுப் பக்கத்து வயல்ல சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பரப்பி விட்டாரு. 29 வருஷம் கழிச்சு 1871ல அதே இடத்துல குழி வெட்டிப் பார்த்தா வெள்ளைக் கோடு மாதிரி அந்தக் கல்லெல்லாம் 7 அங்குலம் கீழே போயிருந்துச்சு. யாரும் புதைக்கல. மண்புழுங்க கீழ இருக்கிற மண்ணைத் தின்னு மேல கொண்டாந்து போட்டு போட்டு கல்லை மூடிடுச்சுங்க, கணக்குப் போட்டா வருஷத்துக்கு சுமார் 6 மில்லிமீட்டர். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, அவருக்காக ஒரு அம்மா ஒரு வருஷம் முழுக்க ரெண்டு தனித்தனி இடத்துல, ஒவ்வொண்ணுலயும் ஒரு சதுர கஜத்துல விழுற புழு எச்சத்தை எல்லாம் பொறுக்கிச் சேர்த்துக் குடுத்தாங்க. அந்த அம்மாவுக்கு லேப் கிடையாது, பட்டம் கிடையாது, கையில இருந்தது பொறுமை.

நம்ம ஊர்ல செய்யணும்னா நாலு குச்சி, ராஃபியா கயிறு. திடல்லயோ கோயில் பின்பக்கமோ யாரும் மிதிக்காத புல்தரையில ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் கட்டுங்க, ஒண்ணு நிழல்ல ஒண்ணு வெயில்ல. காலையில பள்ளிக்குப் போகும்போது உள்ள புதுசா வந்திருக்கிற எச்சத்தை எண்ணுங்க, சின்னச் சின்ன உருண்டையா முறுக்கு பிழிஞ்ச மாதிரி இருக்கும், பார்த்தா உடனே தெரியும். எண்ணி முடிச்சதும் அதைக் கரண்டியால எடுத்து ஒரு டப்பாவுல போடுங்க, இல்லாட்டி நாளைக்கு அதையே திரும்ப எண்ணுவீங்க. வார கடைசியில வெயில்ல நல்லா காய வச்சு எடை போடுங்க, சமையல் தராசு போதும். ஈரத்தோட எடை போட்டா தண்ணியோட எடையும் சேர்ந்து வரும், அதனால காய வைக்கிறதை மட்டும் விட்டுடாதீங்க. இப்படியே ஒரு மழைக்காலமும் ஒரு வறட்சிக்காலமும் பார்த்துட்டீங்கன்னா உங்க திடலைப் பத்தி வேற யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் உங்க கையில இருக்கும்.

அடுத்தது செம்பனை வண்டு. இதைப் பத்தி நான் கொஞ்சம் நீட்டி எழுதப் போறேன், ஏன்னா உலகத்துல நிறைய ஊர்ப் பிள்ளைங்களுக்கு இல்லாத வசதி இதுல நமக்கு இருக்கு.

1980 வரைக்கும் நம்ம நாட்டுல செம்பனைக்கு மகரந்தத்தைக் கையால தூவுனாங்க. பெரும்பாலும் பொம்பளைங்கதான் அந்த வேலை. ஆண் பூவுல இருந்து தூளைச் சேகரிச்சு, பெண் பூ விரிஞ்ச மரமா பார்த்துப் பார்த்து ஊதி விட்டுக்கிட்டே போகணும். உங்க தோட்டத்துல வயசான பாட்டிங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, எங்க பக்கத்துப் பாட்டி ஒருத்தங்க சொன்னது, "அப்பல்லாம் வண்டு ஏதுடா, நாங்கதான் வண்டு." காத்துதான் மகரந்தத்தைக் கொண்டு போகுதுன்னு அப்ப பொதுவா நம்புனாங்க. ஆனா ஆப்பிரிக்காவுல கேமரூன்ல யாரும் கையால தூவல, அங்க குலை நல்லா நிறைஞ்சு காய்க்குது, இங்க மட்டும் ஏன் இல்லன்னு கேள்வி வந்துச்சு. ரஹ்மான் சையத்னு ஒரு பூச்சியியல் நிபுணர் 1970கள் கடைசியில கேமரூனுக்குப் போய் உட்கார்ந்து பூவுக்கு என்னென்ன பூச்சி வருதுன்னு பார்த்தாரு. வேலையை செய்றது காத்து இல்ல, ஒரு குட்டி வண்டுன்னு தெரிஞ்சது. எலைடோபியஸ் கமெருனிகஸ்னு அதுக்குப் பேரு, அளவு 3, 4 மில்லிமீட்டர்தான். அது வேற பயிரைக் கெடுக்குமான்னு நல்லா சோதிச்சுட்டு 1981ல ஜொகூர் குளுவாங் பக்கத்து தோட்டத்துல விட்டாங்க. கொஞ்ச காலத்துலேயே அது தீபகற்பம் முழுக்கப் பரவிடுச்சு, கையால தூவுற வேலை நின்னு போச்சு. ஒரு ஆளு பூ முன்னாடி உட்கார்ந்து பொறுமையா எண்ணுனதுதான் இதுக்கெல்லாம் ஆரம்பம், அதை நீங்களும் செய்யலாம்.

முதல்ல தோட்ட மேனேஜ்மென்ட் கிட்டயோ, சொந்த நிலமா இருந்தா சொந்தக்காரங்க கிட்டயோ அனுமதி வாங்குங்க. மரம் இளசா இருக்கிற இடத்தைப் பாருங்க, அங்கதான் பூ கைக்கு எட்டுற உயரத்துல இருக்கும். ஆண் பூன்னா விரல் விரலா நீட்டிக்கிட்டு ஒரு கொத்தா இருக்கும், விரிஞ்ச பூ வெளிர் மஞ்சளா தூளோட இருக்கும், கிட்ட போனா சோம்பு வாசம் அடிக்கும். அந்த வாசத்துக்குத்தான் வண்டு வருது. பூ முழுக்க பழுப்பு நிறத்துல ஊர்ந்துக்கிட்டே இருக்கும், லேசா தட்டுனா கையில நாலஞ்சு ஒட்டிக்கும், மூக்கு நீட்டமா இருக்கும், கடிக்காது. வண்டு முட்டை போடுறது, குஞ்சு பொரிக்கிறது எல்லாம் இந்த ஆண் பூவுலதான். பெண் பூவும் லேசா அதே சோம்பு வாசத்தைக் காட்டும், வண்டு அங்கயும் எட்டிப் பார்க்கும், ஒண்ணும் கிடைக்காம திரும்பிடும், ஆனா அதுக்குள்ள உடம்புல ஒட்டியிருந்த தூள் பெண் பூவுல விழுந்துடும். குலை நிறையுறது அதுலதான்.

எண்ணுறதுக்கு முறை இருக்கு. விரிஞ்ச ஆண் பூவுல மேல இருந்து ஒரு விரல், நடுவுல ஒண்ணு, கீழ ஒண்ணு, மூணு விரலுக்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பையைச் சட்டுன்னு மாட்டி, வாயைப் பிடிச்சுக்கிட்டே விரலை வெட்டுங்க. மெதுவா போனா பாதி வண்டு பறந்துடும். பையில தேதி, நேரம், மரம் எதுன்னு மார்க்கர்ல எழுதிட்டு ஐஸ்பெட்டியில வைங்க, அப்புறம் வெள்ளைத் தாள்ல கொட்டி எண்ணலாம். ஒரே மரத்தைப் பார்த்துட்டு முடிவுக்கு வராதீங்க, ஒவ்வொரு தடவையும் அஞ்சு மரமாவது பார்க்கணும். கேள்வி என்ன வைக்கலாம்? காலை 9 மணிக்கும் மத்தியானம் 12 மணிக்கும் வித்தியாசம் இருக்கா? முதல் நாள் ராத்திரி மழை பெஞ்சா குறையுதா? ரோட்டோர மரத்துக்கும் உள்ள இருக்கிற மரத்துக்கும் வித்தியாசம் உண்டா? ஒண்ணை மட்டும் எடுங்க. மூணையும் ஒரே நேரத்துல எடுத்தா எது எதனால ஆச்சுன்னு பிரிக்கவே முடியாது.

பால் மரம் இன்னும் வச்சிருக்கிற குடும்பம்னா வேற ஒண்ணு இருக்கு. 1877ல குவாலா கங்சார்ல நட்ட ரப்பர் மரங்கள்ல ஒண்ணு இன்னும் அங்க நிக்குது, பார்க்காதவங்க போய்ப் பார்த்துட்டு வாங்க, நமக்குப் பக்கம்தான். அந்தக் காலத்துல மரத்தைக் கண்டபடி கொத்தித்தான் பால் எடுத்தாங்க, மரம் செத்துப் போகும். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு 1888ல வந்த ஹென்றி ரிட்லிதான், புதுசு புதுசா கொத்த வேணாம், பழைய வெட்டையே மெல்லிசா சீவி விட்டா அடுத்தடுத்த தடவை பால் கூடுதலா வருதுன்னு அளந்து பார்த்துச் சொன்னவர். ரப்பர் ரப்பர்னு அவர் பிடிவாதமா அலைஞ்சதைப் பார்த்து அவருக்குப் பைத்தியம்னே பேர் வச்சாங்க. நம்ம தாத்தா பாட்டி விடியக்காலையில உளியைப் பிடிச்சது அவர் அளந்து சொன்ன முறையிலதான்.

இதுல உங்க வேலை ரெண்டு பொருளை அளக்கிறது, மழையும் பாலும். மழைக்கு ஒன்றரை லிட்டர் போத்தல் எடுங்க, பக்கம் நேரா இருக்கணும், வரி வரியா இருந்தா சரியா வராது. மேல் பகுதியை வெட்டி தலைகீழா உள்ளயே செருகுனா புனல் ஆச்சு. அடியில மேடு பள்ளமா இருக்கும், அதனால சின்ன கல்லு போட்டு, கல்லு மூழ்குற வரைக்கும் தண்ணி ஊத்தி அந்த மட்டத்தை 0ன்னு கோடு போடுங்க, அங்க இருந்து மேல ரூலரை ஒட்டுங்க. மரமோ கூரையோ மேல இல்லாத இடத்துல வச்சு தினம் காலை 8 மணிக்குப் படிக்கணும், படிச்சதும் 0 கோடு வரைக்கும் திரும்பக் கொண்டு வரணும். ரூலர்ல எத்தனை மில்லிமீட்டரோ அதுதான் மழை, ஒரு மில்லிமீட்டர்னா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணி. நிறைய தோட்டத்துல ஆபிஸ் முன்னாடியே மழை மானி இருக்கும், கிராணி (தோட்ட ஆபிஸ் எழுத்தர்) கிட்ட மரியாதையா கேட்டா அந்தக் கணக்கோட உங்க கணக்கை ஒத்துப் பார்த்துக்கலாம். பாலுக்கு, பத்து மரத்தைப் பெயிண்ட்ல நம்பர் போட்டு வச்சுக்கிட்டு அந்தப் பத்து மரத்தோட மங்குல (பால் சேர்ற கிண்ணம்) இருக்கிற பாலை மட்டும் அளவு ஜக்ல ஊத்தி எழுதணும். எத்தனை மணிக்கு வெட்டுனாங்கன்னும் எழுதணும், ஏன்னா விடியக்காலையில மரத்துக்குள்ள தண்ணி அழுத்தம் அதிகம், வெயில் ஏற ஏற அது குறையும், பாலும் குறையும். முதல் நாள் மழைக்கும் மறுநாள் பாலுக்கும் என்ன சம்பந்தம்னு உங்க சொந்த மரத்துல இருந்தே தெரிஞ்சுக்கலாம்.

மண்ணு, பூச்சி எல்லாம் வேணாம்னு சொல்ற பிள்ளைங்களுக்கு மேளம் இருக்கு. ராமன் 1920ல மிருதங்கத்தையும் தபலாவையும் பத்தி எழுதுனாரு. சாதாரணமா தோல் வாத்தியத்தை அடிச்சா வர்ற ஓசைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, சுருதி சுத்தமா கேக்காது, ஆனா மிருதங்கத்துல வலது பக்கம் நடுவுல அப்பி இருக்கிற கருப்பு சாந்து அந்த ஓசைகளை 1, 2, 3, 4, 5னு வரிசையா மடங்குல கொண்டாந்து நிறுத்துது, அதான் அது பாட்டோட இழையுது. இதை இப்ப ஹேண்ட்போன்லயே பார்க்கலாம். ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, இலவசம், அதுல ஒலி அலைவரிசை காட்டுற பகுதியைத் திறந்துட்டு, கோயில்ல மிருதங்கம் வாசிக்கிற அண்ணன் கிட்ட வலந்தலையில ஒரே தட்டா தட்டச் சொல்லுங்க. திரையில சிகரம் சிகரமா வரும், சிகரத்துக்கும் சிகரத்துக்கும் நடுவுல இடைவெளி சமமா இருக்கான்னு குறிச்சுக்குங்க. அதே மாதிரி தப்புல, உருமியில. மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அமைதியான நேரமா பாருங்க, ஃபேன் கூட ஓடக் கூடாது.

நோட்டு எழுதுறதைப் பத்தி ரெண்டு மூணு விஷயத்துல நான் ரொம்பப் பிடிவாதம். அளக்கிறதுக்கு முன்னாடியே என்ன வரும்னு நினைக்கிறீங்களோ அதை எழுதி வைங்க, அளந்த பிறகு எழுதுனா மனசு தானா மாத்திக்கும். ஒண்ணும் இல்லன்னா 0ன்னு எழுதுங்க, அன்னிக்குப் போகவே இல்லன்னா கோடு போடுங்க. காலியா விட்டா ஆறு மாசம் கழிச்சு அது "புழு இல்ல"யா "நான் போகல"யான்னு கடவுளுக்குத்தான் தெரியும். நினைச்ச மாதிரி நம்பர் வரலன்னு அழிக்கக் கூடாது, அழிரப்பரே பக்கத்துல வேணாம், ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு பக்கத்துல சரியானதை எழுதுங்க, பழைய நம்பர் படிக்கிற மாதிரி இருக்கட்டும். அன்னிக்கு வானம் எப்படி, புல் வெட்டுனாங்களா, உரம் போட்டாங்களா, மாடு வந்துச்சா, அதையும் ஒரு வரி. பின்னாடி புதிர் மாதிரி ஒரு நம்பர் நிக்கும்போது அந்த ஒரு வரிதான் விடை சொல்லும்.

பெத்தவங்க கவனத்துக்கு. செம்பனைக்குள்ள தனியா அனுப்பாதீங்க, நாகப்பாம்பு இருக்கிற இடம், முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போடணும், மட்டை அடுக்கி வச்சிருக்கிற வரிசைக்குள்ள கையை விடக் கூடாது, மருந்து அடிச்ச நாள்ல உள்ள போகவே வேணாம். எலி நடமாட்டம் உள்ள இடத்துல கை கால்ல காயத்தோட தேங்குன தண்ணியைத் தொடக் கூடாது, எலி மூத்திரத்துல வர்ற காய்ச்சல் ஆளையே கொல்லும். ஆந்தைக் கூட்டுப் பக்கம் ஏறாதீங்க. கொசுப் புழு வளர்த்துப் பார்க்கிற ஆராய்ச்சியை யார் சொன்னாலும் செய்யாதீங்க, டிங்கி உள்ள ஊர்ல அது ஆபத்து, சட்டப்படியும் குத்தம். மத்தபடி இந்த வேலைக்குப் பெரிய செலவு இல்ல, பெரும்பாலான சாமான் மலிவு விலைக் கடையிலேயே கிடைக்கும். பிள்ளை எண்ணுறப்போ பக்கத்துல நின்னு "இதனால என்ன கிடைக்கும்"னு மட்டும் கேக்காதீங்க, "இன்னிக்கு எத்தனை?"ன்னு கேளுங்க.

கொஞ்ச நாள் தொடர்ந்து எழுதுன பிறகு அறிவியல் ஆசிரியர் கிட்ட காட்டுங்க. வண்டு, பூச்சி, பறவை படமெல்லாம் ஐநேச்சுரலிஸ்ட்ங்கிற இணையதளத்துல ஏத்துனா பேர் கண்டுபிடிக்க உலகம் பூரா ஆளுங்க உதவுவாங்க, நம்ம ஊர்ல எடுத்த பதிவு ஆராய்ச்சியாளருங்களுக்கும் பயன்படும்.

கடைசியா ஒரு வேலை, இது தோட்டத்து ஆளுங்களுக்கு இன்னும் அவசியம். நாம ஒரே இடத்துல இருக்கிறதில்ல, தோட்டத்தை வித்துடுவாங்க, லயத்தை (தோட்டத்து வரிசை வீடு) விட்டு தாமானுக்கு மாறுவோம், பிள்ளை படிக்க வெளியூர் போகும். வில்லியம் பீல்னு அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல ஒரு தாவரவியலாளர் 1879ல 20 போத்தல்ல விதையை மணலோட போட்டு புதைச்சாரு, எத்தனை வருஷம் விதை உயிரோட இருக்கும்னு பார்க்க. அவர் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு, அந்த வேலை கை மாறி கை மாறி இன்னும் நடக்குது, 2021ல ஒரு போத்தலைத் தோண்டி எடுத்து விதைச்சாங்க, 140 வருஷத்துக்கு மேல கிடந்த விதை முளைச்சது, அடுத்த போத்தல் 2040ல. புதைச்ச இடத்துக்கு வரைபடம் எழுதி வச்சிருந்ததால இது நடக்குது. அதனால உங்க நோட்டோட முதல் பக்கத்துல கட்டம் எந்த மரத்துல இருந்து எத்தனை அடி, எந்தத் திசை, மரத்தோட நம்பர் என்ன, எத்தனை மணிக்கு அளக்கணும், எந்த ஜக், எந்தத் தராசு, எதை எண்ணணும் எதை எண்ணக் கூடாதுன்னு எழுதி, சின்னதா ஒரு படமும் போடுங்க. எழுதி முடிச்சதும் தம்பி தங்கச்சி யார் கிட்டயாவது குடுத்து, நீங்க வாயைத் திறக்காம, அந்தப் பக்கத்தை மட்டும் படிச்சு ஒரு தடவை அளந்துட்டு வரச் சொல்லுங்க. அவங்களுக்கு எங்க குழப்பம் வருதோ அந்த வரியைத் திருத்தி எழுதிட்டு மறுநாள் காலையில இருந்து கணக்கை ஆரம்பிங்க.